பழைய பிக்கப்பின் பின் டிரம் பிரேக்: மூன்று முறை பிரித்தவன் எழுதும் வழிகாட்டி

போன ஆண்டு நான்கு மாதத்துக்குள் என் பிக்கப்பின் பின் பிரேக்கை மூன்று முறை பிரிக்க வேண்டியிருந்தது. முதல் முறை பட்டறையில் விட்டேன். புது ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டை) போட்டுத் தந்தார்கள். ஆறே வாரத்தில் பிரேக் பழையபடி வழுக்கியது. இரண்டாவது முறையும் புது ஷூ. அதற்குப் பிறகு ஒரு நாள் பள்ளத்தூரில் ஓர் ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்துவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தேன். பின்னால் சரளை நெரியும் சத்தம். திரும்பினால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போக வேண்டிய இரண்டு தேக்குத் தூண்களைச் சுமந்தபடி வண்டி தண்ணீரைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் பெஞ்சுக்கு முட்டுக் கொடுத்திருந்த கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து டயருக்கு அடியில் போட்டார். "முதலில் இதைச் சரிபண்ணுங்கள் தம்பி, டீ எங்கும் ஓடிவிடாது" என்றார்.

மூன்றாவது முறை நானே பிரித்தேன். காரணம் ஷூவில் இல்லை. அது எங்கே ஒளிந்திருந்தது என்பதை மூன்றாவது படியில் சொல்கிறேன். நேராக அங்கே போகாமல் வரிசையாகவே வாருங்கள்.

இது முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள, ஏபிஎஸ் இல்லாத பொலிரோ பிக்கப் போன்ற பழைய வண்டிகளுக்கானது. காற்று பிரேக் உள்ள லாரிக்கு இதில் எதுவும் பொருந்தாது. பிரேக் வேலையை இதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றால், முதல் முறை வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் வருவார்கள்.

1. நாளைக் குறியுங்கள்

சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) எடுக்க வேண்டும். பழைய பிக்கப் என்றாலே ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் பரிசோதனை உண்டு என்று பொருள். எஃப்.சி. தேதிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே பிரேக் வேலையை முடித்துவிடுங்கள். நேற்று மாட்டிய ஷூ டிரம்மோடு இன்னும் படிந்திருக்காது. பரிசோதனையில் இடப்பக்கம் ஒரு பிடியும் வலப்பக்கம் ஒரு பிடியுமாகக் காட்டும். எல்லாரும் முந்தின நாள்தான் பட்டறைக்கு ஓடுகிறார்கள், நானும் ஓடியிருக்கிறேன்.

எஃப்.சி.க்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், சாலை வரி கட்டிய ரசீது, பழைய எஃப்.சி. ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வைத்து, ஒவ்வொன்றின் முடிவுத் தேதியையும் உறையின் மேல் எழுதிவிடுங்கள். பிரேக்கை எல்லாம் கச்சிதமாகக் கட்டிக்கொண்டு போய், புகைச் சான்றிதழ் காலாவதியாகி நான்கு நாள் ஆனதால் திரும்பி வந்தவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். கட்டணம் வண்டியின் வயதைப் பொறுத்து ஏறும். போன ஆண்டு கட்டிய தொகையை நம்பாமல், விண்ணப்பிக்கும் அன்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடியாது என்பதில்லை. டிரம் லேத் பட்டறைக்குப் போய்த் திரும்ப வேண்டும், அங்கே உங்களுக்கு முன்னால் எப்போதும் நான்கு பேர் இருப்பார்கள். ஆயுத பூஜை, பொங்கல் வாரங்களில் லேத் ஓடாது. மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும்போது காரைக்குடிக்குள் வண்டியை நுழைப்பதே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டவெளியில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பிரேக் ஆயிலுக்கும் தண்ணீருக்கும் ஆகாது.

2. வண்டியைத் தூக்கி ஒரு டிரம்மைத் திறந்து பாருங்கள்

பாகம் வாங்குவதற்கு முன், ஒரு மாலை நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து பார்த்து மூடிவிடுங்கள். இதைச் செய்யாததால்தான் நான் கடைக்கு ஐந்து முறை நடந்தேன்.

சமதளம் வேண்டும். சிமெண்ட் களமாக இருந்தால் நல்லது. செம்மண் தரையில் ஜாக்கி அரை அடி இறங்கி வண்டியைச் சாய்த்துவிடும். அடியில் கனமான பலகை போடுங்கள். நம் பக்கத்தில் பழைய தேக்குப் பலகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை விற்றாலே பிரேக் செலவு வந்துவிடும், வேப்பம்பலகை போதும்.

முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். வண்டியை முதல் கியரில் போட்டு வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள்; அது இழுத்திருந்தால் டிரம் வராது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள். தூக்கியதும் பின் அச்சுக் குழாய்க்கு அடியில், ஸ்பிரிங் பட்டைக்கு ஒட்டினாற்போல், இரு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை நம்பி எந்த வேலையும் செய்யக் கூடாது. ஸ்டாண்டு இல்லை, செங்கல் அடுக்கிக்கொள்கிறேன் என்றால் தயவுசெய்து வேலையைத் தள்ளிப் போடுங்கள். செங்கல் எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல் நொறுங்கும். இரண்டு ஸ்டாண்டை வாடகைக்கு எடுப்பது சவாரி ஒன்றின் டீச் செலவுதான்.

சக்கரத்தைக் கழற்றியதும் டிரம் தெரியும். அதைப் பிடித்தபடி ஒன்றிரண்டு சின்னத் திருகுகள் இருந்தால் கழற்றுங்கள். அதற்கும் வராவிட்டால், டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பொருத்தமான போல்ட்டை இரண்டிலும் மாறி மாறி, கால் சுற்று கால் சுற்றாகத் திருகினால் டிரம் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் முகம் விரிசல் விடும். ஓட்டை இல்லாத வண்டியில், நட்டுத் தண்டுகளுக்கு நடுவே உள்ள முகத்தில் மரச் சுத்தியலால் தட்டுங்கள். விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு சில்லு சில்லாகப் பெயரும்.

இரண்டு அங்குலம் வந்து மாட்டிக்கொண்டால், டிரம்மின் உள் விளிம்பில் தேயாத வரம்பு ஒன்று எழும்பி ஷூவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பேக் பிளேட்டின் (ஷூவெல்லாம் பொருத்தியிருக்கும் பின் தகட்டின்) பின்னால் ரப்பர் மூடி போட்ட ஓட்டை இருக்கும். அதன் வழியே தட்டை முனை ஸ்குரூ டிரைவரை விட்டு, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரின் பல் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் ஷூ உள்ளே ஒடுங்கும். டிரம் அச்சின் ஹப்போடும் பேரிங்கோடும் சேர்ந்தே வருகிற வகை வண்டி என்றால், அதைப் பிரிப்பதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

டிரம்மைத் திறந்தவுடன் கரும்பொடி கொட்டும். ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டைகளில்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. முகக்கவசம் கட்டிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் ஈரமாகவே துடைத்தெடுத்துப் பைக்குள் போட்டு முடிந்துவிடுங்கள்.

3. ஏன் கெட்டது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பயனில்லை.

டிரம்முக்குள் ஈரம் இருக்கிறதா? இருந்தால் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் போல் மெலிதாக, கழுவினால் போய்விடுகிறது என்றால் பிரேக் ஆயில். ஆயில் அழுத்தத்தால் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டர் கசிகிறது. சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் மூடியை நகத்தால் லேசாக விலக்கினால் உள்ளே ஈரம் நிற்பது தெரியும். மாறாகக் கெட்டியாக, பிசுபிசுப்பாக, அழுகிய முட்டையை நினைவுபடுத்தும் கந்தக வாடையோடு இருந்தால் அது பின் அச்சின் கியர் ஆயில். அச்சு முனையில் உள்ள ஆயில் சீல் போய்விட்டது. இரண்டும் ஷூவை நனைத்துப் பிரேக்கைக் கெடுக்கும். ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. என் வண்டியில் வந்தது இரண்டாவது. பட்டறையில் அதைத் துடைத்துவிட்டு, மேலே புது ஷூ மாட்டி அனுப்பியிருந்தார்கள், ஒரு முறை அல்ல, இரு முறை.

மூன்றாவது முறை சீலை மாற்றினால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். பட்டறையில் வேலை கற்று இப்போது தனியாக இருக்கும் ஒரு முதியவர் வந்து பார்த்துவிட்டு, சீலைத் தொடாமல் பின் அச்சின் மேற்புறத்தைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நிறுத்தி, தீக்குச்சியால் குத்தி ஒரு மண்ணுருண்டையை எடுத்துக் காட்டினார். கடுகைவிடப் பெரியது, மிளகைவிடச் சின்னது. நம் செம்மண்தான், எண்ணெய் ஊறிக் கட்டியாகி, செங்கல்லைப் போல் இறுகியிருந்தது. அதுதான் மூச்சுத் துளை. அச்சு ஓடும்போது உள்ளே ஆயிலும் காற்றும் சூடாகி விரியும். வெளியேற வழி அந்தத் துளைதான். அது அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் பலவீனமான இடம் தேடும். சீல் எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் அது சீலைத் தள்ளிக்கொண்டு டிரம்முக்குள் வரும்.

ஆகவே சீல் கசிவு கண்டால் மூச்சுத் துளையை முதலில் சுத்தம் செய்யுங்கள். அச்சில் ஆயில் அளவுக்கு மேல் நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். அளவுத் துளையின் கீழ் விளிம்பு வரை இருந்தால் போதும். அச்சுத் தண்டை இழுத்துச் சீல் மாற்றும் வேலைக்கு நான் மெக்கானிக்கை வைத்துக்கொண்டேன். பேரிங்கைக் கெடுத்துவிட்டால் செலவு பத்து மடங்கு.

எந்தக் கசிவும் இல்லாமல் ஷூ மட்டும் தேய்ந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. லைனிங்கின் கனம் 1.5 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். ஆணி அடித்த வகையில், ஆணித் தலை டிரம்மைத் தொடும் முன்பே மாற்ற வேண்டும். தொட்டுவிட்டால் டிரம்மில் வட்டக் கோடு விழுந்துவிடும். ஒரு பக்க ஷூ மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் மறுபக்கச் சிலிண்டர் உறைந்து கிடக்கிறதா என்று சந்தேகியுங்கள்.

பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கழற்றிய கையோடு பத்துப் படம் எடுத்துக்கொண்டு, டிரம்மை மாட்டி மூடிவிடுங்கள். நனைந்த ஷூவோடு சரக்கு ஏற்றிப் போகாதீர்கள்.

4. பாகம் வாங்குதல், செலவு

கடைக்குப் போகும்போது ஆர்.சி.யின் படம், சேசிஸ் எண், வண்டி தயாரித்த மாதமும் ஆண்டும் கையில் இருக்க வேண்டும். ஒரே பெயரில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறியிருக்கும். "பழைய மாடல்" என்று நீங்கள் சொல்வதும் கடைக்காரர் நினைப்பதும் ஒன்றாக இருக்காது. வீல் சிலிண்டரின் உடம்பில் துளை அளவு வார்க்கப்பட்டிருக்கும்: முக்கால் அங்குலம் என்றால் 19.05 மி.மீ., முக்காலே அரைக்கால் (7/8) அங்குலம் என்றால் 22.2 மி.மீ. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பைப்பும் மாட்டும். பெரிய துளைச் சிலிண்டர் மாட்டினால் காலிவண்டியில் பின் சக்கரம் திடீரென இறுகி வழுக்கும். பழைய சிலிண்டரின் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

ஷூ இரு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய ஷூவில் புது லைனிங் ஆணி அடித்துத் தருகிறார்கள், மலிவாக முடியும். இரும்பு வளையாமல் இருந்தால் தவறில்லை. நான் பெட்டி ஷூவையே வாங்குவேன். ஆனால் பெட்டியில் பெயரும் தயாரித்த மாதமும் அச்சாகி, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய ஷூ ஒன்றில் ஹேண்ட் பிரேக் கை, அதாவது கேபிள் இழுக்கும் நெம்புகோல், இணைந்திருக்கும். புது ஷூவோடு அது வராது. பழையதைக் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கடையில் சொல்வார்கள். நானும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் மாட்டும்போதுதான் வலப்பக்கத்துக்குக் கை இல்லை என்று தெரிந்தது. ஓடிப் போனால் கடைச் சிறுவன் பழைய இரும்புச் சாக்கைக் கவிழ்த்து, நாற்பது ஷூக்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் தேடி எடுத்துத் தந்தான். முழு வேலையும் முடியும் வரை பழையது எதையும் கொடுக்காதீர்கள்.

எனக்கு ஆன செலவு, ரூபாயில்: இருபக்க ஷூ 1,500, இரண்டு வீல் சிலிண்டர் 1,300, ஸ்பிரிங் செட் 350, ஆயில் சீல் இரண்டு 400, அதை மாற்றக் கூலி 800, டிரம் கடைசல் 600, பிரேக் ஆயில் 500, எமரித் தாள் முதலியவை 200. மொத்தம் 5,650. வண்டிக்கு வண்டி, கடைக்குக் கடை மாறும். பாதிக்கும் குறைவாக யாராவது சொன்னால் எதை விட்டுவிட்டார்கள் என்று கேளுங்கள். முந்தின இரண்டு முறையும் சேர்த்து நான் கொடுத்தது இதைவிட அதிகம். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கசியும் புதுச் சிலிண்டரைத் திருப்பித் தர அதுதான் ஆதாரம்.

பிரேக் ஆயில் மூடி திறக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அது 140 ஆக இறங்கும். டாட் 4க்கு 230, ஈரம் ஏறிய பின் 155. பரணில் ஓராண்டு கிடந்த அரைப் பாட்டிலை ஊற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம். டாட் எண் எது என்று வண்டியின் பிரேக் ஆயில் தொட்டி மூடியில் பார்த்து அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், இவற்றோடு கலக்கவே கூடாது.

5. டிரம்மை லேத்துக்கு அனுப்புங்கள்

டிரம்மின் உள்ளே அல்லது விளிம்பில் அதிகபட்ச விட்டம் வார்க்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகும் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்றால் புது டிரம்தான். கடைபவரிடம் "இரண்டையும் ஒரே அளவில்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஒன்றை அதிகமாகவும் மற்றொன்றைக் குறைவாகவும் கடைந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நீல நிறப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே அதிகச் சூடு ஏறி உலோகம் கெட்டிருக்கிறது. வெடிப்பு இருந்தால் பேசாமல் தூக்கிப் போடுங்கள்.

6. ஒரு பக்கம் முடித்து, பிறகு மறுபக்கம்

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பிரித்துவிடாதீர்கள். ஒன்று கலையாமல் இருந்தால்தான் குழப்பம் வரும்போது எட்டிப் பார்க்க முடியும். மறுபக்கம் கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேல் ஸ்பிரிங்குகளைக் குறட்டால் இழுத்துக் கழற்றுங்கள். அவை பறக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு ஸ்பிரிங் பறந்து தண்ணீர் அண்டாவுக்குள் விழுந்தது. நான் அதைத் தேடிக் கண்டுபிடித்த நேரத்தில் ஒரு பக்கம் கட்டி முடித்திருக்கலாம். பிறகு ஷூவைப் பேக் பிளேட்டோடு பிடித்திருக்கும் ஊசியையும் தொப்பியையும் எடுக்க வேண்டும். தொப்பியை அமுக்கிக் கால் சுற்றுத் திருப்பினால் விடும். பின்னால் ஊசித் தலையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஷூ இரண்டும் விரிந்து கையோடு வரும். ஹேண்ட் பிரேக் கேபிளை ஷூவில் உள்ள ஹேண்ட் பிரேக் கையிலிருந்து விடுவியுங்கள்.

சிலிண்டரைக் கழற்றுவதில் பைப் நட்டு உறைந்திருப்பதுதான் தொல்லை. மழைத் தண்ணீரில் முங்கிய வண்டிகளில் அது துருப்பிடித்துக் கிடக்கும். முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். சாதாரண ஸ்பானர் போட்டால் முனை உருண்டுவிடும். பைப் நட்டுக்கென்று உள்ள பிளந்த ரிங் ஸ்பானரைப் பயன்படுத்துங்கள். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள், பைப் உடையப் போகிறது.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் எதுவும் சிலிண்டரையோ ரப்பரையோ தொடக் கூடாது. ரப்பர் ஊறி வீங்கி, பிரேக் பிடித்தால் விடாது. நம் பட்டறைகளில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் அலசும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சுத்தம் செய்ய பிரேக் ஆயிலே போதும். பழைய சிலிண்டரில் உள்ளிருக்கும் ரப்பர் கப்பு மட்டும் மாற்றலாமா என்று கேட்டால், உள்ளே விரல் நுழைத்துத் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் மாற்றியே தீர வேண்டும். வார்ப்பிரும்புச் சிலிண்டரை ஓரளவு தேய்த்துச் சீர்செய்யலாம், அலுமினியத்தை வேண்டாம். நான் முழுசாகவே மாற்றினேன்.

பேக் பிளேட்டில் ஷூவின் விளிம்பு உரசும் மேடுகள் ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் ஆறு இருக்கும். அவற்றில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் சிக்கித் திரும்பாது. எமரித் தாளால் சமப்படுத்தி, சூடு தாங்கும் கிரீஸை நகக்கண் அளவு தடவுங்கள். அதிகம் வைத்தால் உருகி லைனிங்கில் வழியும். அட்ஜஸ்டரைக் கழற்றி மரையைச் சுத்தம் செய்து, கிரீஸ் போட்டு, முழுவதும் உள்ளே திருகிவிடுங்கள். இடது, வலது அட்ஜஸ்டர்களின் மரைப்புரி எதிரெதிர்; மாறினால் தானியங்கி அட்ஜஸ்டர் ஷூவை நெருக்காமல் தளர்த்திக்கொண்டே போகும். இதனால்தான் சிலர் வண்டியில் பெடல் வாரத்துக்கு வாரம் கீழே இறங்குகிறது.

மாட்டுவது கழற்றியதற்குத் தலைகீழ். ஹேண்ட் பிரேக் கையைப் புது ஷூவுக்கு மாற்றி அதன் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். லைனிங்கைக் கையால் தொடாதீர்கள். கிரீஸ் பட்டுவிட்டால் எமரியால் மேலோட்டமாக உரசிவிடுங்கள், கூடுதலாகப் பட்டால் பணம் போனதுதான். இரண்டு ஷூவும் ஒரே நீளத்தில் இல்லாமல் இருந்தால், எது முன்னால் எது பின்னால் என்பது நீங்கள் எடுத்து வைத்த படத்தில் இருக்கிறது.

டிரம்மைப் போட்டு, அட்ஜஸ்டரைச் சுற்றுங்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது லேசாகச் சரசரக்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்க வேண்டும். இறுக்கி நிற்கக் கூடாது. இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைப் பல் சுற்றியிருக்க வேண்டும், எண்ணி எழுதுங்கள்.

7. காற்று எடுப்பது

சிலிண்டரைக் கழற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் பஞ்சு போல் மெதுமெதுவென்று போகிறது.

ஆயில் தொட்டியிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் பின் இடது முதலில், பின் வலது, முன் இடது, முன் வலது என்று வாருங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையை ஆயில் நிரம்பிய பாட்டிலில் அமிழ்த்துங்கள்.

பெடலில் ஒருவர் வேண்டும். என் மைத்துனர் உட்கார்ந்தார். "மிதியுங்கள்" என்று சொன்னதும் மெல்ல மிதித்துப் பிடிக்க வேண்டும்; நான் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து, குமிழி வந்ததும் மூடுவேன்; மூடிய பிறகுதான் "விடுங்கள்". திறந்திருக்கும்போது விட்டால் காற்றை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். மைத்துனர் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே மிதித்தார், அதனால் இருபது நிமிட வேலை ஒரு மணி நேரம் ஆனது. பெடல் தரையில் மோதும்வரை மிதிக்க விடாதீர்கள். பல வருடம் ஓடிய மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் அழுத்தும் தலைமைச் சிலிண்டரில்) வழக்கமாகப் போகாத பகுதிக்குக் கப்பு போனால், அங்கிருக்கும் துருவில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிடுங்கள்.

ஐந்தாறு முறைக்கு ஒரு தடவை தொட்டியைப் பார்த்து நிரப்புங்கள். அது காலியானால் மாஸ்டர் சிலிண்டரிலேயே காற்று புகுந்து, எல்லாம் முதலிலிருந்து. வண்டி பெயின்டில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் உரிந்து வரும். பின்னால் ஆயில் சொட்டுச் சொட்டாக மட்டும் வருகிறதா? அச்சின் மேலே சுமை பார்த்து அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு உள்ள வண்டிகளில், ஸ்டாண்டைச் சேசிஸுக்கு அடியில் கொடுத்து அச்சைத் தொங்கவிட்டால் அந்த வால்வு வழியை ஒடுக்கிவிடும். அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு என்று நான் முதலிலேயே சொன்னதற்கு இதுவும் காரணம்.

8. ஹேண்ட் பிரேக்கைக் கடைசியில் தொடுங்கள்

டிரம்முக்குள் ஷூ சரியாக நெருங்கிய பிறகுதான் கேபிளின் முறை. ஷூ தேய்ந்ததைக் கேபிளை இறுக்கிச் சமாளிப்பது எல்லாரும் செய்வதுதான். அதனால் ஷூ முழுமையாகத் திரும்பாமல் உரசி, சூடாகி, சீக்கிரம் கருகும். கேபிள் உறைக்குள் செம்மண்ணும் மழைத் தண்ணீரும் புகுந்திருந்தால் உள்ளே துருப்பிடித்துத் திரும்பாது. கையால் இழுத்து விட்டுப் பாருங்கள். தானாகத் திரும்பாத கேபிளை மாற்றிவிடுங்கள். லிவரை இழுத்தால் ஐந்தாறு பல்லில் பிடிக்க வேண்டும். சரியான எண் வண்டியின் புத்தகத்தில் இருக்கும்.

9. ஓட்டிப் பாருங்கள்

முதலில் நின்றபடியே பெடலை இருபது முறை மிதியுங்கள். கடினமாக நிற்க வேண்டும். அமுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, சாலைக்குப் போகாதீர்கள்.

பிறகு சரக்கு இல்லாமல், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், சமமான சாலையில் ஓட்டுங்கள். நான் அதிகாலையில் கானாடுகாத்தான் பக்கம் போய்வந்தேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாகப் பிடித்துப் பிடித்து இருபது முறை நிறுத்துங்கள், இடையில் டிரம் ஆறட்டும். முதல் 200 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல் இருப்பது நல்லது. அதற்குள் ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு ஆர்டர் வந்தால் இன்னொருவரை அனுப்புங்கள்.

வந்து இறங்கியதும் இரு பின் டிரம்களுக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒன்று அனலடித்து மற்றொன்று சாதாரணமாக இருந்தால், அனலடிக்கும் பக்கம் ஷூ உரசுகிறது. அட்ஜஸ்டரை ஓரிரு பல் தளர்த்துங்கள். சக்கர நட்டுகளை 50 கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் ஒரு பக்க டிரம்மை மட்டும் கழற்றி, ஷூ நடுவில் மட்டும் படாமல் முழு அகலத்துக்கும் படிந்து தேய்ந்திருக்கிறதா, சிலிண்டர் ஓரம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்போதே ஒரு தீக்குச்சியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, அந்த மூச்சுத் துளையையும் குத்திப் பார்த்துவிடுங்கள். நான் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மண் வரத்தான் செய்கிறது.